ரயிலடி கிரவுண்டு

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால், திருநின்றவூரும் வேப்பம்பட்டும் தாண்டி வருகிற ஸ்டேஷன் செவ்வாப்பேட்டை ரோடு. அடுத்தது புட்லூர், அதையும் விட்டால் திருவள்ளூர். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. இன்னொரு பெருமை பக்கத்துத் திரூரில் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். என்று தொடங்குகிற நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. தமிழ்நாட்டு வயல்களை ஒரு காலத்தில் நிறைத்த ஐ.ஆர். 20-க்குப் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. ரயிலுக்கும் நெல்லுக்கும் எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் உண்டு. கால்பந்துக்காகத் தெரிந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள்.

எங்கள் அணிக்குப் பெயர் கிடையாது. போட்டி நோட்டீஸில் ஊர்ப் பெயரை மட்டும் அச்சடிப்பார்கள். எந்தச் சங்கத்திலும் பதிவில்லை, எந்த லீக்கிலும் இடமில்லை. சென்னை லீக்கில் சீனியர் டிவிஷன், அதற்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று படிப்படியாக இறங்கும். அந்தப் படிகளில் கடைசிப் படிக்கும் வெளியே, தரையில் நின்றோம் நாங்கள். அந்த லீக் நகரத்து அணிகளுக்கானது. நாங்கள் இருந்ததோ அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல், அதற்குள் எங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர், கடம்பத்தூர் என்று இந்தத் தண்டவாளத்தை ஒட்டி நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகள்தான் எங்கள் உலகம்.

கிரவுண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் வரும். ஒரு காலத்தில் மணிலாக்கொட்டை போட்ட புன்செய். உடையவர்கள் பட்டணத்தோடு போய்விட்டார்கள், நிலம் தரிசாகக் கிடந்தது. வேலிகாத்தானை வெட்டி, வரப்பைக் கொத்திச் சமப்படுத்தி அதை மைதானமாக்கியது எங்களுக்கு முந்தைய செட். ஆனாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு சரிவு மிச்சமிருந்தது. டாஸ் வென்றால் எங்கள் கேப்டன் யோசிக்காமல் மேற்குப் பக்கம் கேட்பார். முதல் பாதியில் சரிவோடு ஆடி கோல் போட்டுவிட வேண்டும், இரண்டாம் பாதியில் மேட்டை எதிர்த்து ஆடிக் காப்பாற்ற வேண்டும். வெளியூர் அணிகளுக்கு இந்தக் கணக்குப் புரிய ஹாஃப் டைம் ஆகிவிடும். கோல் போஸ்ட் சவுக்குக் கழி. கோடு போடச் சுண்ணாம்பு வாங்கக் காசு இல்லாத வாரங்களில் செங்கல் சூளையிலிருந்து சாம்பல் அள்ளி வந்து போடுவோம். மழை பெய்தால் கோடு கரைந்துவிடும், அப்புறம் பந்து அவுட்டா இல்லையா என்பது யார் குரல் பெரிது என்பதைப் பொறுத்தது. நெருஞ்சி முள் மட்டும் எந்த மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆட்டத்துக்கு முன்னால் சின்னப் பையன்கள் ஒரு வரிசையாக நின்று, குனிந்து முள் பொறுக்கிக்கொண்டே கிரவுண்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவோம். நான் அணிக்குள் வந்த வழி அதுதான். முதலில் முள் பொறுக்குகிறவன், அப்புறம் பந்து எடுத்துப் போடுகிறவன், அப்புறம் சப்ஸ்டிட்யூட். அந்த வரிசையை யாரும் தாண்ட முடியாது.

பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ப்ளாடர் பந்து. தோல் உறைக்குள் ரப்பர் ப்ளாடர், வாயைக் கட்ட லேஸ். இந்தப் பந்துகள் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து வரும். பிரிவினைக்கு முன் சியால்கோட்டில் பந்து தைத்தவர்களில் பலர் 1947-ல் அகதிகளாக வந்து ஜலந்தரில் தொழிலை மறுபடி தொடங்கினார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். அவர்கள் தைத்த பந்துக்கு எங்கள் ஊர் முள் புதிது. வாரம் ஒருமுறை பஞ்சர். ஸ்டேஷன் ரோட்டில் இருந்த சைக்கிள் கடைக்காரர் லேஸை அவிழ்த்து, ப்ளாடரை உருவி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொள்வார். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, பழைய டியூபில் வெட்டிய ஒட்டுப் போட்டு, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். ப்ளாடரை மறுபடி தோலுக்குள் மடிப்பு விழாமல் திணிப்பதுதான் நுணுக்கம். மடிப்பு இருந்தால் பந்து ஒரு பக்கம் இழுக்கும். தோல் விறைக்காமல் இருக்க மணிலா எண்ணெய் தடவி வைப்போம். மழையில் அந்தப் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். லேஸ் முடிச்சு பட்ட இடத்தில் ஹெட் அடித்தவன் நெற்றியில் அன்று ராத்திரி வரைக்கும் அச்சு இருக்கும். பஞ்சர் ஒட்டியதற்கு அந்த மனிதர் எங்களிடம் காசு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அணிக்குப் புரவலர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன்.

பூட்ஸ் எல்லோருக்கும் இருக்காது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடி 1–2 என்ற கணக்கில்தான் தோற்றார்கள் என்று பெரியவர்கள் எங்களிடம் சொல்லிச் சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். தைரியம் இருந்தது, எதிராளியின் ஸ்டட்ஸ் மிதித்தால் நகம் பெயர்வதும் இருந்தது. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய பூட்ஸ் பேரம் பேசி வாங்கலாம். ஒரு ஜோடியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவன் வெளியே வந்தால் இன்னொருவன் மாட்டிக்கொண்டு உள்ளே போவான். பங்குக்கு ஆள் சேர்க்கும்போது ஆட்டத்திறமையைவிடக் கால் அளவைத்தான் பார்ப்போம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ ஊர் அணிகள் அதற்குப் பிறகு பூட்ஸுக்கு அலைந்தன.

ரயில் இல்லாவிட்டால் இந்த அணியே இல்லை. 1979-ல் சென்ட்ரல் முதல் திருவள்ளூர் வரை பாதை மின்மயமானது. அதற்குப் பிறகுதான் ஆவடி டாங்க் ஃபாக்டரிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.புக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊரிலிருந்தே வேலைக்குப் போய்வருவது சுலபமானது. அதிகாலை ரயிலில் டிபன் பாக்ஸோடு ஏறுகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெர்சியில் நிற்பார்கள். கேப்டன் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். கோல்கீப்பர் அண்ணனின் நைனா ரயில்வேயில் கேங்மேன். பேக் ஆடிய இரண்டு பேரும் சூளையில் கல் அறுக்கிறவர்கள், அவர்கள் தோளில் மோதி விழாதவர்களை நான் பார்த்ததில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் எண்ட்ரி ஃபீஸுக்கு வசூல். ஒருவன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக கிரவுண்டுக்கு வந்தால் அவனை ஃபார்வர்டில் போட மாட்டார் கேப்டன். "ராத்திரி பூரா நின்னவன்டா, பின்னால நிக்கட்டும்" என்பார்.

பட்டாபிராமில் ஒரு செவன்ஸ் செமி ஃபைனல் நினைவிருக்கிறது. எதிரணியில் நாலைந்து பேர் சென்னை லீக்கில் ஆடுகிறவர்கள், நல்ல பூட்ஸ், ஒரே நிற ஸ்டாக்கிங்ஸ். எங்கள் லெஃப்ட் விங் ஒரு ஒல்லிப் பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், வெறுங்கால். சரிவான கிரவுண்டில் பழகியவனாதலால் பந்தைக் காலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வான். தட்டிவிட்டு ஓடினால் எங்கள் ஊரில் அது வேலிகாத்தானுக்குள் போய்விடும். அன்றைக்கு அவனைப் பிடிக்க வந்த சென்டர் பேக் பெரிய ஆள். பையன் நின்றான், பந்தின் மேல் பாதத்தை வைத்தான், அவரை வர விட்டான். அவர் காலை நீட்டிய நொடியில் பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெளிப்பக்கமாகப் போனான். கோல் விழவில்லை, பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் கோலில்லாமல் முடிந்து, டை பிரேக்கரில் தோற்றோம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெரிய ஆள் எங்கள் பக்கம் வந்து, "இந்தத் தம்பி என்ன பண்ணுது? படிக்குதா?" என்று கேப்டனிடம் கேட்டார். சூளையில் இருக்கிறான் என்றார் கேப்டன். "செலக்ஷனுக்கு அனுப்புங்க அண்ணே, இப்படி வீணாக்காதீங்க."

கேப்டன் அனுப்பினார். அவரே கூட்டிக்கொண்டு போனார், அன்றைக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு. ஒரு துறையின் அணியில் எடுத்துக்கொண்டார்கள். பையனுக்கு முதலில் ஸ்டைபண்ட், பிறகு விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். ஊரே கொண்டாடியது. அதற்கப்புறம் அவன் எங்களுக்கு ஆடவில்லை, ஆட அனுமதியும் இல்லை. அடுத்த சீசன் எங்கள் லெஃப்ட் விங்கில் ஆளில்லை.

எங்கள் அணியின் சரித்திரம் முழுக்க இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் வளர்த்த ஆள் உயர்ந்தான், அணி உயர்வதற்கு வழியே இருக்கவில்லை. அன்றைய சென்னைக் கால்பந்து என்பது துறை அணிகள்: ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், வருமான வரி, ஏ.ஜி. அலுவலகம், இந்தியன் வங்கி. நல்ல அணிகள். எத்தனையோ ஏழை வீட்டுப் பையன்களுக்குப் பென்ஷன் உள்ள வேலை கொடுத்த அணிகள், அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் ஆடியது ஒரு வங்கியின் அணி. ஆனால் வங்கியின் அணிக்கு ஊர் கிடையாது. எந்தத் தெருக்காரனும் அதைத் தன் அணி என்று சொல்லி வளர முடியாது.

இங்கிலாந்திலும் தொழிற்சாலையில் தொடங்கிய அணிகள்தாம் பல. 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் ஆரம்பித்த அணி 1902-ல் பெயர் மாற்றிக்கொண்டு மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. 1886-ல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் ஆரம்பித்தது ஆர்சனல். தேம்ஸ் கரையில் கப்பல் கட்டிய இரும்புப் பட்டறையின் அணிதான் வெஸ்ட் ஹாம் ஆக மாறியது. பெரம்பூரிலும் ரயில் பெட்டி செய்தார்கள், ஆவடியிலும் ஆயுதம் செய்தார்கள், எங்கள் தண்டவாளத்தை ஒட்டி அத்தனையும் இருந்தது. அங்கே பட்டறை அணி ஊர்க்காரர்களின் கைக்கு வந்தது, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். லீக்குக்கு வெளியே இருக்கிற சின்ன ஊர் அணிகூட வெற்றிபெற்றுக்கொண்டே போனால் ஒவ்வொரு படியாக ஏறலாம். இங்கே அணி கடைசிவரை ஆபீஸின் சொத்தாகவே இருந்தது. ஆபீஸ் ஆளெடுப்பதைக் குறைத்தபோது அணியும் மெலிந்தது, அதோடு எங்களைப் போன்ற ஊர்களில் சாயங்காலம் பந்து உதைப்பதற்கு இருந்த பெரிய காரணமும் போனது.

1983-ல் கபில்தேவ் உலகக் கோப்பையைத் தூக்கினார். அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கோடையிலேயே எங்கள் கிரவுண்டின் நடுவில் மூன்று குச்சி நட்டிருந்தது. 1986-ல் மெக்ஸிகோ ஆட்டங்களை தூர்தர்ஷன் ராத்திரி வேளையில் காட்டியபோது, டி.வி. இருந்த வீட்டு வாசலில் கூட்டமாக உட்கார்ந்து மாரடோனாவைப் பார்த்தோம். இங்கிலாந்துக்கு எதிராக அவர் பாதி மைதானத்தைத் தாண்டி ஓடி அடித்த கோலைப் பார்த்துவிட்டு எங்கள் கீப்பர் அண்ணன், "நம்ம பையன் மாதிரியே கால்ல ஒட்ட வச்சிருக்கான் பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. அந்த ஒரு மாதம் கிரவுண்டு மறுபடி நிறைந்தது, ஆடிப் பட்டம் வந்ததும் குறைந்தது.

1993 ஜனவரியில் நேரு கோப்பைக் கால்பந்துக்காக, 260 நாளில் கட்டிய புது நேரு ஸ்டேடியத்துக்கு நாங்கள் ரயிலேறிப் போனோம். வடகொரியா கோப்பையை வென்ற வருஷம். பச்சைப்புல்லை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல்முறை. சரிவே இல்லாத மைதானம். கேப்டன் ஆட்டத்தைவிடப் புல்லைத்தான் அதிகம் பார்த்தார்.

எங்கள் கிரவுண்டு அப்போது கைமாறிக்கொண்டிருந்தது. அது பட்டா நிலம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது ஒரு நாளும் மைதானமாக இருந்ததில்லை. உடையவர்கள் விற்றார்கள், விற்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. முதலில் வெள்ளைச் சாயம் பூசிய கற்கள் நடப்பட்டன. கொஞ்ச நாள் அந்தக் கற்களுக்கு நடுவிலேயே ஆடினோம், ப்ளாட் நம்பரை வைத்தே இடம் சொல்லிக்கொண்டு. பிறகு அஸ்திவாரம் தோண்டினார்கள். சவுக்குக் கழிகளை யாரோ பந்தல் போட எடுத்துப் போனார்கள். அணியைக் கலைப்பதாக யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு எண்ட்ரி ஃபீஸ் வசூலிக்க யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதே தண்டவாளத்தில், எங்கள் லோக்கல் நின்று போகிற வியாசர்பாடி ஜீவாவில், வேறொரு கதை நடந்தது. வியாசர்பாடிக்கு குட்டி பிரேசில் என்று பெயர். 1990-களின் பிற்பகுதியில் உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் அங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் பந்தை வேலைக்கு வழியாக மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடாமல் இருக்க, போதையின் பக்கம் போகாமல் இருக்க, தினமும் கிரவுண்டுக்கு வரவழைத்தார்கள். தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் எல்லாம் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில், டூரண்ட் கோப்பையில், மோகன் பகானை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் நந்தகுமாருடையது. 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானுடனான டெர்பியில் ஜெயிக்காமல் தவித்த ஒரு பெரிய கிளப்புக்கு வியாசர்பாடிப் பையன் அன்று அந்த வெற்றியை வாங்கிக் கொடுத்தான். எதிரணி ஆட்டக்காரனை ஒரு வெட்டில் சாய்த்துவிட்டு இடது காலால் வளைத்து அடித்த அந்தக் கோலைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்களிடம் இருந்தது, எங்களிடம் இல்லாதது என்ன என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வித்தியாசம் திறமையில் இல்லை, ஏழ்மையிலும் இல்லை, அவை இரண்டும் இரண்டு இடத்திலும் சமம். அவர்கள் ஒரு கிரவுண்டை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். 1946-ல் நேதாஜி என்ற பெயரில் தொடங்கிய சிறு கிளப் அது. சென்னை டிவிஷன்களில் ஆடி, பெயர் மாறி, ஐ-லீக்கில் நுழைந்து, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல்முறை. ஆனால் அந்தக் கோப்பையை வென்ற மைதானம் கோயம்புத்தூரில். பெயர் சென்னை, வீடு கோவை. 2020–21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. எழுபது வருஷத்துக்கு மேல் படியேறிய ஒரு கிளப்புக்கே சொந்தமாகக் காலூன்ற இடம் அமையவில்லை என்றால், எங்களைப் பற்றி என்ன சொல்வது?

இப்போது எங்கள் கிரவுண்டு இருந்த இடத்தில் மாடி வீடுகள். வீடுகளில் இருக்கிறவர்கள் நல்ல மனிதர்கள், பாதிப் பேர் அம்பத்தூருக்கும் காக்களூர் சிட்கோவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், எங்களைப் போலவே. அவர்களுடைய பிள்ளைகள் மாதக் கட்டணம் கட்டி அகாடமிக்குப் போகிறார்கள், அல்லது மணிக்கணக்கில் வாடகை கொடுத்து செயற்கைப் புல் டர்ஃபில் ஆடுகிறார்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் சர்வீஸ் ரோட்டில் ஆடுகிறார்கள்.

மனைப்பிரிவு போடும்போது பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடமாக இருந்தால், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. எங்கள் பக்கத்து லேஅவுட்டிலும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. ஏறக்குறைய அரை ஏக்கர், கம்பி வேலி, உள்ளே வேலிகாத்தான். முழு அளவு மைதானத்துக்கு ஒரு ஏக்கருக்கு மேல் வேண்டும், அது இனி எங்கள் ஊரில் கிடைக்காது. ஆனால் ஐம்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம் இருந்தால் ஏழு பேர் ஆட்டம் தாராளமாக ஆடலாம், அரை ஏக்கரில் அதற்கு இடமிருக்கிறது. பழைய அணியில் மிஞ்சியிருக்கிற நாங்கள் சில பேர், அந்த இடத்தை விளையாட்டுத் திடல் என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். பூங்காவாக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நடைபாதையும் நாலு பெஞ்சும் போட ஓரத்தில் இடம் இருக்கிறது, நடுவை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள் என்று பதில் சொல்லியிருக்கிறோம். அடுத்த கிராம சபை அக்டோபர் 2-ல். கேப்டனுக்கு முழங்கால் வலி, இருந்தாலும் வருகிறேன் என்றிருக்கிறார். குவார்ட்டர்ஸை விட்டு ஊர்ப்பக்கமே திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிற எங்கள் லெஃப்ட் விங், திடல் கிடைத்தால் தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.